நீர் என்ன செய்வீர்?

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நமுனுகுல மலையடியில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் போகும்போது இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் போவேன். "ஏன்டி, நீ நின்னுக்கிட்டு வந்தா பஸ்ஸு வெரசா போயிருமா?" என்று அக்கா கேட்பாள். போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உட்கார முடியாது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு லயம் என்ற வரிசை வீடுகளில் எங்களுக்கிருந்த ஒற்றைக் காம்பராவில் நாங்கள் இருவர்தான். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கொழுந்து பறிக்கப் போனாள். நான் உயர்தரம் வரை படித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், மலைக்கும் பதுளைக்குமாக விண்ணப்பப் படிவங்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. தோட்டப் பிள்ளைகளின் ஊட்டச்சத்தைக் கவனிக்கும் சிறிய அலுவலகம் ஒன்று பதுளையில் இருந்தது. அங்கே என்னை எடுத்துக்கொண்டார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், தாய்மார் வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவங்களைப் பார்த்து, குழந்தைகளின் எடையை நிறுத்து எழுத வேண்டும். அலுவலகத்தில் ஒரு பழைய வான் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. ஆறு மாதத்துக்குள் லைசன் எடுத்தால் வேலை நிரந்தரம் என்றார்கள்.

நான் அன்றைக்கே பஜாரில் ஒரு லேனர்ஸில் போய்ப் பெயர் பதிந்தேன். சாரதிப் பயிற்சி கொடுக்கும் கடைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் மாஸ்டர். சிறிய வெள்ளைக் கார் ஒன்றும் பெரிய பொறுமையும் வைத்திருந்தார். "தங்கச்சி, ஓடுறது லேசு. ஓட விடுறதுக்கு முந்தி அவனுக கேக்குறதுதான் கஷ்டம்" என்றார். முதலில் புரியவில்லை.

மருத்துவச் சான்றிதழுக்குப் போனபோது கொஞ்சம் புரிந்தது. உயரம் அளந்தார்கள். நான் குட்டை. இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று சுவரில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அக்கா அதை எப்படியோ முன்பே கேள்விப்பட்டு, காலையில் என் கொண்டையை உச்சந்தலையில் தூக்கிக் கட்டியிருந்தாள். அளக்கிற சிற்றூழியர் பலகையைக் கொண்டைமேல் வைத்தார். அது பஞ்சுபோல அமுங்கியது. அவர் விடாமல் அமுக்கினார். கோட்டுக்கு ஒரு விரல் மேலே வந்து மண்டை தட்டியதும் நின்றது. "கொண்டை இல்லாமலே போதும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். வெளியே காத்திருந்த அக்காவிடம் சொன்னேன். "பரவால்ல, ஒரு வெரலுக்கு நா காரணம்னு நெனச்சுக்க" என்றாள்.

ட்ரையல் நாள் வந்தது. லைசனுக்கு ஓட்டிக் காட்டும் நாளை ட்ரையல் என்போம். மைதானம் சரிவில் இருந்தது. பதுளையில் சமமான மைதானத்தை எங்கே போய்த் தேடுவது? ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி. அது நசுங்கினால் பெயில். எனக்கு நசுங்கவில்லை. நான்கு பீப்பாய்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார்கள். எதிலும் முட்டவில்லை. எனக்கு முன்னால் போன மூன்று ஆண்களும் முட்டியிருந்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. முடிந்தது, வீட்டுக்கு ஓடலாம் என்று இறங்கினால், மேசையடிக்கு வரச் சொன்னார்கள்.

மேசையில் பரிசோதகர் இருந்தார். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், குளங்கள் நிறைந்த வடமத்திய பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், மொழிபெயர்ப்பதற்காக. பரிசோதகர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் காது அடைத்துவிட்டது. கிளாக்கர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாகனம் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது எண்டு வையும். நீர் என்ன செய்வீர்?"

யாழ்ப்பாணத்தார் ஒருவரை நீ என்று சொல்ல மனமில்லாமலும் நீங்கள் என்று சொல்லத் தேவையில்லாமலும் இருக்கும்போது நீர் என்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் குடிப்பது தண்ணி, புத்தகத்தில் இருப்பது நீர். அவர் புத்தகத் தமிழ் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"நீர் உள்ள வரும் சேர்" என்றேன்.

கிளாக்கர் சற்றுத் திகைத்தார். "அதில்லைப் பிள்ளை. நீர் வெளியில வர வேணுமெல்லோ?"

"ஓட்டை இருந்தா வெளியவும் வரும் சேர்."

வரிசையில் நின்ற ஒருவன் களுக்கென்று சிரித்தான். கிளாக்கர் தம் கடமைப்படி நான் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். பரிசோதகர் சிரிக்கவில்லை. என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். "எல்லார்ட்டயும் கேக்குறாரு தங்கச்சி, இந்த மனுசன். வந்து ரெண்டு மாசந்தான். சட்டத்துல இல்லாத கேள்வி. பதுளையில யாரு தண்ணியில விழுறது? பள்ளத்துலதானே விழுவோம்? தண்ணி இருக்கிற எடத்துக்குப் போய்ச் சேருறதுக்குள்ள உசிரு போயிரும்." முதல் வாரம் ஒரு லொறிக்காரர் இதையே பரிசோதகரிடம் சொல்லி, அவரும் பெயிலாகியிருக்கிறார்.

ஆறு மாதத்தில் ஏற்கெனவே மூன்று போய்விட்டது. இரவில் தூக்கம் பிடிக்காமல் புரண்டேன். "நீ பொரளுற பொரளுல எனக்குக் கடல்ல போற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா, கடலையே பார்த்திராதவள். மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போகும் வழியில், "அந்தக் கேள்விக்கு என்னதான் பதிலு? கேட்டுக்கிட்டு வா" என்றாள்.

மாஸ்டர் அதற்குள் எங்கிருந்தோ பதிலைத் திரட்டி வைத்திருந்தார். நான் அதை எழுதிக்கொண்டு வந்து அக்காவுக்கு வாசித்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் காதில் விழுந்தால் போகாது. தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால், சக்கரங்கள் கழற்றிய பழைய தேயிலை லொறி ஒன்று கல்மேல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி உட்கார்ந்து பழகினோம். நான் சாரதி. அக்கா பரிசோதகர்.

"விழுந்தாச்சு! தண்ணி வருது! சொல்லுடி!"

"பெல்ட்ட கழட்டணும்..."

"அப்பறம்?"

"கதவத் தொறக்கணும்."

"செத்த! கதவத் தொடாத. தண்ணி அமுக்கும், தொறக்காது. கண்ணாடிய எறக்கு. எறங்கலேன்னா சீட்டுக்கு மேல இருக்கிற தலகாணியப் புடுங்கி, கம்பியால மூலையில அடி. பக்கத்துல இருக்கிறவங்கள மொதல்ல தள்ளு. அப்பறம் நீ." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "இதுகூட மண்டையில ஏறலையா?" என்பாள். ஏறவில்லைதான். எனக்கு ஒன்றைச் சொல்லும்போதே அடுத்ததற்கு மனம் பாய்ந்துவிடும். அந்தப் பக்கம் வந்தவர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "தண்ணி எதுவரைக்கும் வந்துருச்சு?" என்று ஒருவர் கேட்டார். "ஒங்க கழுத்து வரைக்கும்" என்றாள் அக்கா.

இரண்டாவது ட்ரையலில் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். கிளாக்கர் முகம் மலர்ந்து மொழிபெயர்த்தார். பரிசோதகர் தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக இன்னொன்று சொன்னார்.

"செய்து காட்டட்டாம்" என்றார் கிளாக்கர்.

நான் பஞ்சாபிச் சுடிதார் உடுத்தியிருந்தேன். மாஸ்டரின் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, தலையையும் தோளையும் வெளியே விட்டேன். இடுப்பில் சிக்கிக்கொண்டது. துப்பட்டா கியர் தடியில் மாட்டியிருந்தது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. அந்த நிலையில் தரை மெல்ல முன்னால் நகர்வதுபோல இருந்தது. தரை நகரவில்லை. நான் ஹேண்ட்பிரேக் போடவில்லை. சரிவில் கார் பின்னால் உருண்டுகொண்டிருந்தது, நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்து, மறுபக்கக் கதவைத் திறந்து பாய்ந்து, பிரேக்கை இழுத்தார். கார் ஒரு பீப்பாயில் முட்டி நின்றது.

மறுபடியும் குறுக்குக் கோடு.

அழுகையும் ஆத்திரமுமாக மைதானத்தை மூன்று சுற்று சுற்றினேன். நிற்க முடியவில்லை. பகல் சாப்பாட்டு இடைவேளையில் கிளாக்கர் குடையோடு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தாளில கோவிக்காதையும். விசர்க் கேள்வி எண்டுதான் நானும் நினைச்சன். போன கிழமைதான் சொன்னவர். முந்தி இருந்த இடத்தில, குளக்கட்டால போகேக்க இவரின்ர ஜீப் தண்ணிக்குள்ள போயிட்டுது. இவர் ஒரு மாதிரி வெளியில வந்திட்டார். டிரைவர் வரேல்லை. சின்னப் பெடியன். கதவைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவனாம்." குடையை மறு கைக்கு மாற்றினார். "அந்தப் பெடியனுக்கு லைசன் குடுத்ததும் இவர்தானாம்."

மேசையைத் திரும்பிப் பார்த்தேன். பரிசோதகர் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை அவர் கேட்டபோது நான் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். பார்வையைத் தாழ்த்தாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செய்து காட்டச் சொல்லவில்லை.

வேலை நிரந்தரமானது. வான் என் கைக்கு வந்தது. பசறை, நமுனுகுல, பண்டாரவளை, ஹல்துமுல்லை என்று ஓடினேன். ஓட்டும்போது மட்டும் எனக்குள் இருந்த பரபரப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் அடங்குவதற்கு வேகம் வேண்டும். ஒரு தோட்டத்தில் நிறுவை முடியும் முன்பே அடுத்த தோட்டத்துக்கு மனம் போய்விடும். வானின் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி ஒருநாள் கழன்று விழுந்தது. போடலாம் போடலாம் என்று பெட்டியில் போட்டு வைத்தேன். போடவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு ஐப்பசி மாதம். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் எங்கள் சித்தி முறையான ஒருத்தி இறந்து பதினாறாம் நாள். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். சடங்கு முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பெரிய வீதிக்குச் சுற்றிக்கொண்டு போகாமல், கீழ்வழியில் இறங்கினேன். அங்கே ஓர் ஓடையின் குறுக்கே சப்பாத்துப் பாலம் இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத, தண்ணீர் ஏறினால் மேலாகவே ஓடும் தாழ்ந்த பாலம்.

தண்ணீர் ஏறித்தான் இருந்தது. மண் நிறத்தில், சத்தமில்லாமல், பாலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கரையில் ஒரு பஸ் நின்றது. அதன் பக்கத்தில் குடை பிடித்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நிப்பாட்டு" என்றாள் அக்கா. "பஸ்ஸே நிக்குது பாரு."

"பஸ்ஸு பெருசு, அது யோசிக்கும். கணுக்கால் தண்ணிதான்க்கா."

"யாரு கணுக்காலு?"

நான் முதல் கியரில் இறக்கினேன். பாதிப் பாலம் வரை சரியாகத்தான் போனது. பிறகு ஸ்டியரிங் கையில் இலேசாகிவிட்டது. வான் என் சொல்லைக் கேட்காமல் இடப்பக்கமாக நகர்ந்தது, யாரோ தோளில் கை வைத்து ஒதுக்குவதுபோல. முன்சக்கரம் பாலத்தை விட்டு இறங்கியது. அடுத்து நாங்கள் பாலத்துக்குக் கீழே இருந்த மடுவுக்குள் கிடந்தோம்.

வான் மூக்குக் குத்தி மிதந்து, மெல்ல அமிழ்ந்தது. காலடியில் குளிர். பிறகு முழங்காலில். நான் என்ன செய்தேன் தெரியுமா? வலப்பக்க சிக்னலைப் போட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருக்க, நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். தோளால் முட்டினேன். அசையவில்லை. மறுபடி முட்டினேன். எனக்குப் பட்டியலில் ஒன்றுகூட ஞாபகமில்லை. உலகத்தில் அந்தக் கதவு ஒன்றுதான் இருந்தது.

"கதவத் தொடாதடி!"

அக்கா கத்தியது லொறியில் கத்திய அதே குரல். "பெல்ட்ட கழட்டு! கண்ணாடி!"

"கைப்புடி இல்லக்கா!"

அவள் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி நான்கு விரல் இறங்கி நின்றுவிட்டது. தண்ணீர் அதற்குள் இடுப்புக்கு வந்திருந்தது. அவள் திரும்பி மண்டியிட்டு, சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து இழுத்தாள். எங்கள் பழைய லொறியில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கேட்டது மட்டும்தான். கூடை சுமந்த கைகள். ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்தது. கம்பியால் கண்ணாடியின் மூலையில் அடித்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கண்ணாடி கல்லுப்பாகக் கொட்டியது. தண்ணீர் பாய்ந்து உள்ளே வந்தது.

"போ!"

"நீ போக்கா..."

"பக்கத்துல இருக்கிறவங்க மொதல்ல! போ!"

என்னைத் தன் மேலாக இழுத்து ஜன்னலுக்குள் திணித்தாள். இடுப்பில் சிக்கியது. அப்போது பின்னால் அந்தத் தலைப்பகுதியாலேயே பலமான ஓர் அடி விழுந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

மேலே வந்தபோது மழையும் மனிதச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பஸ்ஸிலிருந்தவர்கள் சாரங்களை முடிந்து கயிறாக வீசினார்கள். பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். வானின் கூரை மட்டும் தெரிந்தது. அக்கா இல்லை. பத்து எண்ணியிருக்கலாம், நூறு எண்ணியிருக்கலாம். பிறகு அவள் தலை மேலே வந்தது. சேலை கால்களில் சுற்றும் என்று உள்ளேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, ரவிக்கையும் பாவாடையுமாக, கைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே அடையாள அட்டை இருந்ததாம்.

கரையோர வீட்டில் ஒரு சிங்களத் தாய் எங்களைக் கூட்டிப்போய் உலர்ந்த துணி கொடுத்தாள். அக்காவுக்குப் பூப்போட்ட நீளமான கவுன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவுன் போட்டுக்கொண்டு, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பாலில்லாத சாயத்தண்ணி குடித்தாள். அதுவரை பேசிக்கொண்டேயிருந்தவள், கோப்பையைக் கீழே வைத்ததும் நடுங்கத் தொடங்கினாள். நான் அந்தச் சின்ன வாசலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"குந்து" என்றாள்.

குந்தினேன்.

"ஏன்டி போன?"

"அவசரம்க்கா."

"என்னா அவசரம்?"

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் விடுமுறை. உலகத்தில் எங்கேயும் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி எழுந்துகொண்டேன்.

அலுவலகத்திலும் அதே கேள்வியைத் தாளில் கேட்டார்கள். பெருக்கெடுத்த பாலத்தில் ஏன் இறங்கினீர்கள், காரணம் எழுதுக. மழை, இருட்டு, வீதி அடைபடும் என்ற பயம் என்று ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். 'காரணம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அலுவலகப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் மேசை வேலை என்றார். வேலை போகவில்லை. வானை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். சேறு கழுவி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, அதுவும் பிழைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் மட்டும் உள்ளே ஓடை மணம் வரும்.

அந்த மூன்று மாதம் நாற்காலியில் இருந்தது எனக்குப் பெரிய தண்டனை. கோப்பு எடுக்க வேண்டியதில்லாவிட்டாலும் எழுந்து போய் அலமாரியைத் திறந்து மூடுவேன். அக்கா என்னோடு பேசினாள், சமைத்துப் போட்டாள். தோட்டத்தில் எல்லோருக்கும் கதை சொன்னாள். கதையில் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரு முழம் ஏறியது. ஆனால் அவள் என் வானில் மட்டும் ஏறவில்லை. அவளுக்குப் பதுளையில் வேலை இருந்தால், நான் போகும் அதே நேரத்தில், அதே வீதியில், எனக்குப் பின்னால் பஸ்ஸில் வருவாள்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு ஒருநாள் பதுளை ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண் காட்ட நாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கென்று பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். காலையில் நான் வானைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் துணியை வைத்துவிட்டு வானை எடுத்தேன். தேயிலைக்கு நடுவே இறங்கும்போது, பக்கத்து லயத்தில் பேசி வந்த கல்யாணம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தாள். மாப்பிள்ளை கொழும்பில் கடையில் நிற்கிறானாம், பல் கொஞ்சம் எடுப்பாம்.

"மெதுவாப் போ" என்றாள் நடுவில், பேச்சோடு பேச்சாக.

"சரிக்கா" என்றேன். அடுத்த வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் போனேன்.